எட்டுச் சொட்டும் இருபத்தொரு சொட்டும்

செங்கல்பட்டில் ஏரி உண்டு, கடல் கிடையாது. ஆனால் தொண்ணூறுகளின் பிற்பாதியில் என் வீட்டு முன்னறையில் நாலடி நீளத்துக்குக் கடல் இருந்தது. வண்ணமீன் தொட்டியை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நான் சொல்வது உயிருள்ள பவளம் வளர்ந்த தொட்டி. புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வளர்த்தவர்கள் வீட்டிலேயே மூன்று மாதத்தில் வெளுத்துச் செத்த பவளத்தை, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இரண்டு வருஷம் வளர்த்தேன். கைப்பிடி அளவில் வந்தது. உரிக்காத தேங்காய் அளவுக்கு நின்றது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

என் தொழில் சுண்ணாம்பு. பதினோரு வயதில், கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் காளவாயில் கூடை சுமந்தேன். முப்பது வயதில் அதே காளவாய்க்கு முதலாளி. அப்புறம் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு, இரண்டு டெம்போ. எவனிடமும் போய் நிற்கவில்லை. சுண்ணாம்பு தண்ணீரில் நீறும்போது எழும்பும் சத்தத்தை வைத்தே அது கிளிஞ்சலா கல்லா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு நாள், அணுமின் நிலையத்துக்காரர்கள் இருக்கும் அணுபுரம் குடியிருப்பிலிருந்து ஓர் அதிகாரி ஸ்கூட்டரில் கடைக்கு வந்தார். என் வயதுதான் இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா.

"கலப்படமில்லாத சுண்ணாம்பு வேணும். நீலம், கோந்து எதுவும் சேர்த்திருக்கக் கூடாது."

"இன்னாத்துக்கு சார்? வெத்தலைக்கா, செவுத்துக்கா?"

"பவளத்துக்கு."

"பவளத்துக்கா? மோதரத்துல பதிக்கறதுக்கு எதுக்கு சார் சுண்ணாம்பு?"

மனுஷர் வாய்விட்டுச் சிரித்தார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டினார். நாலடித் தொட்டி, நடுவில் ஒரு பாறை, பாறைமேல் காலிஃபிளவர் பூ மாதிரி கொத்துக் கொத்தாக, வெளிர் ரோஸ் நிறத்தில் அந்தப் பவளம். கல் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் மேலெல்லாம் பூனைமுடி மாதிரி அசைகிறது. அப்போது பவளம் வளர்க்க இன்றைக்கு உள்ள தடைச் சட்டம் வரவில்லை. வந்திருந்தால் அவரும் வைத்திருக்க மாட்டார், நானும் தொட்டிருக்க மாட்டேன்.

அவர் சொன்ன விஷயத்தை நான் என் பாஷையில் புரிந்துகொண்டேன். பவளம் தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்கிறது. அதற்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று கால்சியம், இன்னொன்று தண்ணீரின் காரத்தன்மை. செங்கல்லும் சாந்தும் மாதிரி. ஒன்று குவிந்து கிடந்து மற்றது இல்லாவிட்டால் சுவர் எழும்பாது. தினமும் பவளம் இரண்டையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். எடுத்ததை எடுத்த அளவுக்கு நாம் திரும்ப வைக்க வேண்டும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கிளிஞ்சல் எதனால் ஆனதோ அதனால்தானே பவளமும் ஆகியிருக்கிறது! நான் முப்பது வருஷமாகச் சுட்டு விற்றதும் அதையேதான்.

அதற்குப் பிறகு அவருக்குச் சுண்ணாம்பு என் காளவாயிலிருந்துதான். ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு நாள் முகம் வாடி வந்தார். வடக்கே இரண்டு வருஷம் மாற்றல். தொட்டியை ரயிலில் ஏற்ற முடியாது.

"மூணு பவளம் வச்சிருந்தேன். ரெண்டு போயிடுச்சு, ஏன் போச்சுன்னே தெரியல. இது ஒண்ணுதான் மிச்சம். கட்டைவிரல் அளவிலேர்ந்து வளர்த்தது. இதுவும் போச்சுன்னா இனிமே பவளம் பக்கமே வரமாட்டேன்" என்றார். யாரிடம் விடுவது என்று கேட்கவில்லை. கேட்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"என் வூட்ல விடுங்க சார். அப்படியே இருக்கும்னு சொல்லல. வளந்து கீதா இல்லையான்னு வந்து பாருங்க."

வாய் வார்த்தைதான். ஆனால் என் வாய் வார்த்தையை நம்பி இந்தப் பக்கத்தில் மாடி வீடுகளே எழும்பியிருக்கின்றன.

என் டெம்போவில் தொட்டி வந்தது. பவளத்தை ஒரு வாளிக் கடல் தண்ணீரில் வைத்து மடியில் வைத்துக்கொண்டு அணுபுரத்திலிருந்து நானே வந்தேன். கூடவே சோதனை பாட்டில்கள் இரண்டு. தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து ஒன்றிலிருந்து சொட்டு விட்டால் அது நீலத்திலிருந்து மஞ்சளாகும். எத்தனையாவது சொட்டில் மாறுகிறதோ அதுதான் காரத்தன்மை. எட்டுச் சொட்டு இருக்க வேண்டும். இன்னொன்றில் ரோஸ் நிறம் நீலமாகும். அது கால்சியத்துக்கு, இருபத்தொரு சொட்டு. படிக்கத் தெரியாதவனுக்கும் நிறம் தெரியும், எண்ணத் தெரியும். என் வீட்டுக்காரி எட்டாவது வரை படித்தவள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இரண்டு எண்ணையும் எழுதி, ஆணியில் குத்தி வைப்பாள்.

அவள் தம்பி ஊரப்பாக்கத்தில் குடியிருந்தான். ஏதோ கம்பெனியில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கும் வேலை, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. தொட்டி வந்த வாரமே பார்க்க வந்துவிட்டான்.

"மாமா, இது செவுத்துக்கு வெள்ளையடிக்கிற வேல இல்ல. கெமிஸ்ட்ரி."

"டேய் மச்சான், உன் கெமிஸ்ட்ரி பாட்டில்ல கீது. என்னுது கையில கீது."

"கையிலயா? பவளம் உன் கையாலயே சாவப்போவுது பாரு."

"வாய கழுவுடா" என்றாள் அவன் அக்கா.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, ஆறவிட்டு, மழைத்தண்ணீர் பிடித்து வடிகட்டிய கேனில் ஒரு பிடி போட்டு நன்றாகக் கலக்கி மூடிவைப்பேன். போர் தண்ணீரைத் தொடமாட்டேன், அதில் என்னென்னவோ உப்பு. மறுநாள் வண்டல் அடியில் தங்கி, மேலே கண்ணாடி மாதிரி தெளிநீர் நிற்கும். அது மட்டும்தான் தொட்டிக்கு. காற்றுப் பட்டால் பாலாடை மாதிரி ஏடு படியும். ஏடு படிந்தால் சத்து போயிற்று என்று அர்த்தம். அதனால் மூடியைத் திறக்கவே கூடாது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றை மருந்துக் கடையில் வாங்கி, கேனில் சொருகி, சின்னச் சக்கரத்தைத் திருகிச் சொட்டுச் சொட்டாக விட்டேன். செங்கல்பட்டு வெயிலில், ஃபேன் காற்றும் சேர்ந்து, தினமும் நாலைந்து லிட்டர் தொட்டியிலிருந்து ஆவியாகிப் போகும். போகிற தண்ணீருக்குப் பதிலாகப் போவதுதான் இந்தத் தெளிநீர். அந்தக் குழாய் யோசனை என்னுடையது. அதிகாரிகூட அளவு டம்ளரால்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எட்டு, இருபத்தொன்று. எட்டு, இருபத்தொன்று. ஏழு மாதம் ஆணியில் குத்திய தாளெல்லாம் ஒரே எண். பவளம் புதிதாக விரல் விட்டது. மச்சான் வரும்போதெல்லாம் தானே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவான்.

அப்புறம் மார்கழி வந்தது.

சுண்ணாம்புக் கடைக்காரனுக்கு மார்கழி என்றால் என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது. போகிக்குள் ஊரே வெள்ளையடித்தாக வேண்டும். படாளத்துப் பக்கத்து மாட்டு வண்டி ஒரு பக்கம், ஊரப்பாக்கத்துக் கான்டிராக்டர் ஆள் ஒரு பக்கம், எடை போடக் கை போதாது. அந்த வருஷம் பார்த்து வீட்டுக்காரி தங்கை பிரசவத்துக்கென்று படாளம் போய்விட்டாள். தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய வெறும் மழைத்தண்ணீரை ஊற்றினேன். கேனில் தெளிநீர் தீர்ந்துபோயிருந்தது. நாளைக்குக் கலக்கலாம், நாளைக்குக் கலக்கலாம் என்று பத்து நாள். கடைக்கும் தொட்டிக்கும் இருபது அடிதான். ஊருக்கெல்லாம் சுண்ணாம்பு அளந்தவன் இருபது அடி நடக்கவில்லை.

போகியன்று காலை வியாபாரம் ஓய்ந்து சொட்டு விட்டுப் பார்த்தேன். ஆறு, பதினெட்டு. இப்போது தெரியும், அது பெரிய ஆபத்தே இல்லை. பழையபடி தெளிநீரைச் சொட்டவிட்டிருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகத் தானே ஏறியிருக்கும். ஆனால் அன்றைக்கு என் தலையில் வெள்ளையடிக்கிறவன் புத்திதான் இருந்தது. பூச்சு வெளிறின சுவருக்கு என்ன செய்வோம்? கெட்டியாக ஒரு கை அடிப்போம். எங்கள் வீட்டுக்கு அடிக்க வாசலில் டிரம்மில் சுண்ணாம்புப் பால் கரைத்து வைத்திருந்தது. நீலம் போடாத சுத்தச் சுண்ணாம்பு. தெளிநீர் இல்லை, பால். ஒரே ஒரு டம்ளர் மொண்டு தொட்டியில் ஊற்றினேன். ஒரே டம்ளர்!

ஊற்றின இடத்தில் முதலில் மேகம் மாதிரி இருந்தது. கலங்கல்தான், அடங்கிவிடும் என்று நின்றேன். அடங்கவில்லை. தொட்டி முழுக்க வெள்ளைப் பொடி பறந்தது. கண்ணாடி, பாறை, குழாய் எல்லாவற்றிலும் படிந்தது. தொட்டிக்குள் யாரோ புகுந்து வெள்ளையடித்த மாதிரி. பவளம் அசைந்துகொண்டிருந்த முடியையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு மொட்டைக் கல்லாக நின்றது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி வந்து இறங்கினாள். பின்னாலேயே அவள் தம்பி, அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தவன், தோளில் கரும்புக் கட்டோடு.

அவள் தொட்டியைப் பார்த்தாள், என் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.

"பத்து நாள் பட்டினி போட்டுட்டு பத்து நாள் சோத்தயும் ஒரே எலையில கொட்டிக்கீறியே, இன்னாய்யா மனுசன் நீ?"

டம்ளரைக் கீழே வைத்தேன். 

மச்சான் கரும்பை வாசலிலேயே போட்டுவிட்டுச் சோதித்தான். நாலு, பதினைந்து.

"இன்னாடா, சுண்ணாம்பு போட்டா சுண்ணாம்பு கொறையுமா?"

"கொறையும் மாமா. ஒரேயடியா போட்டா தண்ணியில கீறதும் சேந்து கல்லா மாறி அடியில உக்காந்துடும். அதான் பறக்குதே, பாரு. நீ போட்டதும் போச்சு, இருந்ததும் போச்சு." அன்றைக்கு அவன் நக்கல் செய்யவில்லை. அதுவே எனக்குப் பயத்தைக் கொடுத்தது. "கவலப்படாத. ஆப்பசோடா இருக்கா? நான் ஓடிப்போய் கால்சியம் உப்பு வாங்கியாறேன். ரெண்டையும் அளந்து இன்னைக்கே எட்டுக்கு ஏத்திடலாம்."

"தொடாத" என்றேன்.

"மாமா, கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

"உன் கணக்கு சரியாத்தான் இருக்கும்டா. இன்னைக்கு ஒரு அவசரத்தப் பாத்துடுச்சு இது. இன்னொண்ணத் தாங்காது."

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஈரம் காயாத சுவரில் அடுத்த பூச்சு அடித்தால் இரண்டும் சேர்ந்து உரிந்து விழும். அது தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும். எனக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தொட்டித் தண்ணீரை மாற்றுவது ஒன்றே வழி. டெம்போவில் கேன்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் கடற்கரைக்கு ஓட்டினேன். எனக்கு வழக்கமாக அலைக்கு அப்பால் போய்த் தண்ணீர் மொண்டு தருகிற படகுக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். வீட்டுக் கூரையைப் பிரித்து மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணாத்த, இன்னிக்கு போகி. ஊரே பழச கொளுத்திகினு கீது. நீ தண்ணிக்கு வந்துகினு கீற."

"என் தொட்டி கொளுந்திகினு கீதுய்யா. படக எடு."

"கடல் எங்கயும் போவாது. நாளன்னைக்கு வா."

"கடல் போவாது. பவளம் போயிடும்."

ஏற இறங்கப் பார்த்தார். படகை எடுத்தார். மழை ஓய்ந்து சில வாரம் ஆகியிருந்ததால் அலைக்கு அப்பால் தண்ணீர் தெளிவாக இருந்தது. கரையில் மொண்டால் மணலும் அழுக்கும் வரும், அதனால்தான் இந்தப் பாடு. அன்றைக்குத் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரை ஊற்றினோம். அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு கேன். எங்கள் வீட்டில் அந்தப் பொங்கல் பொங்கியதா என்றே எனக்கு நினைவில்லை.

பவளத்தின் கீழ்ப்பாதி போய்விட்டது. தோல் உரிந்து வெறும் வெள்ளை எலும்பு. மேலே உயிரோடு இருந்த விரல்களை வீட்டுக்காரி தினமும் எண்ணினாள். பதினொன்று. மறுநாள் பதினொன்று. ஒரு வாரம் கழித்தும் பதினொன்று. அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அதிகாரிக்குக் கடிதம் போடலாம் என்றாள். போட்டு என்ன ஆகும், வடக்கே உட்கார்ந்துகொண்டு தூக்கம் கெடுவார். வரட்டும், வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு நான் காட்டிய பொறுமையை என் காளவாய் ஆட்கள் பார்த்திருந்தால் இது முதலாளியா என்று கேட்டிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு சொட்டுக்கு மேலே ஏறவிடவில்லை. ஏறினால் சக்கரத்தைத் திருகிக் குறைப்பேன். எட்டைத் தொடப் பங்குனி ஆயிற்று. தொட்டதும் அங்கேயே நிறுத்தினேன். நிறுத்துவதுதான் வேலை. ஒன்பதாக்கினால் இன்னும் வேகமாக வளருமே என்று மச்சான் ஆசை காட்டினான். நல்ல நாள் ஒன்று வேண்டாம், ஒரே மாதிரி நாள் நூறு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வெள்ளை எலும்பின்மேல் ரோஸ் நிறத் தோல் நெல் அகலம், நெல் அகலமாகக் கீழே இறங்கி வந்தது. ஆடியில் பழைய காயம் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

அடுத்த மார்கழியில் கடை வாசலில் வண்டிகள் நிற்க, நான் உள்ளே உட்கார்ந்து சொட்டு எண்ணினேன். ஒரு கான்டிராக்டர் ஆள் எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"இன்னா மொதலாளி, வியாபாரத்த வுட்டுட்டு மீனுக்கு ஊசி போட்டுகினு கீற!"

"மீனுக்கு இல்லடா. கடலுக்கு. நில்லு."

நின்றான். செங்கல்பட்டில் அந்தப் போகிக்கு வெள்ளையடித்த அத்தனை பேரும் காலையில் என் பவளத்துக்குப் பிறகுதான் சரக்கு வாங்கினார்கள். முப்பது நாளும். ஒரு வியாபாரமும் கெட்டுப்போகவில்லை.

சொன்னபடி இரண்டு வருஷம் கழித்து அதிகாரி வந்தார். தலை நரைத்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். தொட்டியை ஒட்டி முகத்தை வைத்துக் கிளை கிளையாகப் பார்த்தார். பிறகு அதே சோதனை பாட்டிலைக் கேட்டு வாங்கி, தன் கையாலேயே சொட்டு விட்டார். எட்டு. இன்னொன்று. இருபத்தொன்று.

"நேத்து எவ்வளவு?"

வீட்டுக்காரி ஆணியிலிருந்து தாள்களைக் கட்டாக எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரட்டினார். எட்டு, எட்டு, எட்டு. கை சட்டென்று நின்றது.

"இங்க என்ன நாலு?"

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அந்தத் தாளை நான் முன்பே கிழித்துப் போட்டிருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி கிடையாது. பத்து நாள் மறந்ததையும், டம்ளர் பாலையும், பாதி உரிந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். "உங்க பொருள் சார், என் கையால பாதி போச்சு. திரும்ப வளந்ததும் என் கையாலதான்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்போ என்னோட அந்த ரெண்டு பவளமும் இப்படித்தான் போயிருக்கு" என்றார். "குறைஞ்சிருந்தா அன்னைக்கே ஏத்திடுவேன். கூடியிருந்தா அன்னைக்கே குறைச்சிடுவேன். நம்பர் சரியா இருக்குன்னு நிம்மதியா தூங்கப்போவேன். அதுங்களுக்குத்தான் நிம்மதி இல்ல."

பவளத்தை முழுசாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாட்டேன் என்றார். பாதி போதுமாம், அதற்குப் புதுத் தொட்டி வைத்திருக்கிறாராம், மீதி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமாம். நானே கையை விட்டு, பாதிக்கு வருகிற பெரிய கிளையைப் பிடித்துச் சட்டென்று ஒடித்துக் கொடுத்தேன். உள்ளே எலும்பு பளீரென்று வெள்ளை. நல்ல கிளிஞ்சல் வெந்தால் வருகிற வெள்ளை.

வாளியில் போட்டு மூடியபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க. எழுதிக்கறேன்."

என்னைச் சொல்லச் சொல்லி ஒரு படித்தவர் எழுதியது அதுதான் முதல் தடவை. சொன்னேன்.

"சுண்ணாம்பு எவ்வளவுன்னு கேக்காதீங்க சார். நாளைக்கும் அதே அளவு போட நம்மால ஆவுமான்னு பாருங்க. ஆவும்னா மட்டும் இன்னைக்குப் போடுங்க. அப்புறம், பண்டிக வந்தா, கல்யாணம் வந்தா, வியாபாரம் கும்பலா வந்தா..."

"கொஞ்சம் மெதுவா" என்றார், தலை நிமிராமல்.

மெதுவாகவே சொன்னேன்.